வேலு தம்பி வாங்கிய ஸ்டேஷன்

வாங்க கண்ணு, உள்ள வாங்க. போன்ல பேசினது நான்தான். விளம்பரத்துல சுலோச்சனான்னு என் பேரைத்தான் போட்டிருந்தேன். இருந்தாலும் நீங்க எடுத்ததும் "சார் இருக்காரா, சால்டரிங் ஸ்டேஷன் பத்திக் கேக்கணும்"னு கேட்டீங்க. தப்பில்லைங்க. காலையில இருந்து மூணு பேரு கூப்பிட்டாங்க, மூணு பேரும் சாரைத்தான் கேட்டாங்க. சாருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஸ்டேஷன் என்னோடது. விக்கறதும் நான்தான்.

தொட்டுப் பாருங்க. சுவிட்சு போடறேன். நம்பரு ஏறுது பாருங்க. முன்னூத்தி இருபது. அவ்வளவுதான், ஈயத்தை உருக்கி ஒயர் ஒட்டற அளவுக்குச் சூடாயிருச்சு. பழைய வகையில இதுக்கு ஒரு காப்பி போட்டுக் குடிச்சுட்டே வரலாம். இவ்வளவு நல்லா இருக்கறதை ஏன் விக்கறா, உள்ள ஏதோ பழுதுன்னு நீங்க நெனைப்பீங்க. நெனைக்கோணும், காசு குடுத்து வாங்கறவங்க சந்தேகப்படத்தான் வேணும். பழுது ஒண்ணுமில்லைங்க. இதைப் பாக்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரியுது, அதுக்குத்தான் விக்கறேன். அவசரமில்லைன்னா சொல்றேன், உக்காருங்க.

நான் பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் படிச்சவ. கலியாணத்துக்கு முந்தி டிவி அசெம்பிள் பண்ற கம்பெனியில வேலை பாத்தேன். அப்பறம் கலியாணம், பொண்ணு, மாமியாருக்கு வைத்தியம், அது அப்படியே போயிருச்சு. பொண்ணைக் கட்டிக்குடுத்து அவ பெங்களூரு போனதுக்கப்பறம் மறுபடியும் கையில எடுத்தேன். சின்னதா ரேடியோ கட்டுவேன். மாடியில செடிக்குத் தண்ணி விடறதுக்கு டைமர் பண்ணி வச்சிருக்கேன். வருமானத்துக்கு இல்லைங்க, ஆசைக்குத்தான்.

எங்க வீட்டுக்காரரு பேரு குழந்தைவேலு. ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசரா இருந்தாரு. மில்லை மூடினதுக்கப்பறம் வீட்டுலதான். பேப்பர் படிப்பாரு, டிவி பாப்பாரு, வாயத் தொறக்க மாட்டாரு. ஏதாவது கேட்டா "ம்"ம்பாரு. அது அவரு சுபாவம்னு விட்டுட்டேன். எனக்கு என் வேலை இருந்துச்சு.

வாட்ஸப்புல ஒரு குரூப்பு இருக்குதுங்க, தமிழ்லயே எலக்ட்ரானிக்ஸ் பேசறவங்க. சேரோணும்னா பேரு, ஊரு, என்ன பண்றீங்கன்னு எழுதணும். அப்ப எனக்குத் தனிப் போன் கிடையாது, இவரு போன்லதான் பாப்பேன். இவருதான் சொன்னாரு, "பொம்பளப் பேருல போடாத, கண்டவனும் குட்மார்னிங் அனுப்பிட்டு இருப்பான்"னு. எனக்கும் செரின்னு பட்டுது. "குழந்தைவேலு, கோயமுத்தூர், மில் சூப்பர்வைசர்"னு போட்டேன். பேருதான் அவருது, பேசறது நான். அதுல என்ன தப்புங்க? எனக்கு இப்பவும் ஒரு தப்பும் தெரியலை.

சேர்ந்த கொஞ்ச நாள்லயே எனக்கு ஸ்டேஷன் தேவைப்பட்டுது. அதுவரைக்கும் சாதா சால்டரிங் அயர்ன்தான், பிளக்குல சொருகினா அது பாட்டுக்குச் சூடு ஏறிட்டே போகும். எவ்வளவு சூடுன்னும் தெரியாது, குறைக்கவும் முடியாது. ஆசை ஆசையாப் பண்ணின ரேடியோ போர்டு ஒண்ணுல தாமிரக் கோடே சூடு தாங்காம உரிஞ்சு கையோட வந்துருச்சு. உக்காந்து அழுதேன். இவரு பேப்பரைக் கீழ இறக்கிப் பாத்துட்டு மறுபடியும் படிக்க ஆரம்பிச்சுட்டாரு.

குரூப்புல கேட்டேன். பட்ஜெட் கம்மி, வீட்டுல பொழுதுபோக்குக்கு, எது வாங்கலாம்னு. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. பாதிப்பேரு அவங்க வச்சிருக்கறதைத்தான் உசத்தின்னு சொன்னாங்க. அதுல ஒருத்தரு மட்டும் என்னைத் திருப்பிக் கேட்டாரு.

"தம்பி, மொதல்ல நீங்க ஈயம் வச்சு எதைப் பத்த வைக்கப் போறீயன்னு சொல்லுங்க. அதைச் சொல்லாம கடைக்குப் போனா கடைக்காரன் அவன்கிட்ட இருக்கறதைத்தான் தருவான்."

அவருதான் லூர்துராஜ். தூத்துக்குடிக்காரரு. கப்பல்ல ரேடியோ ஆபீசரா இருந்து ரிடையர் ஆனவரு. அவரு ஒண்ணு சொன்னா குரூப்பே கேக்கும். அப்படிப்பட்டவரு எனக்குத் தனியா எழுத ஆரம்பிச்சாரு. வேலு தம்பி, வேலு தம்பின்னு.

அந்த மழைக்காலம் முழுக்க எங்களுக்கு இதே பேச்சுத்தாங்க. அவரு பழைய வகையைச் சொன்னாரு, ஹீட்டர் தனியா, டிப்பு, அதான் பத்த வைக்கற நுனி, தனியா இருக்கறது. விலை கம்மி, டிப் எந்தச் சந்துக் கடையிலயும் கிடைக்கும்னாரு. நான் இதைச் சொன்னேன், டிப்பும் ஹீட்டரும் ஒண்ணா இருக்கறது. டிப்பு விலை ஜாஸ்திதான், ஆனா நுனியில எவ்வளவு சூடுன்னு அதுக்கே தெரியும், பெரிய இடத்துல வச்சாலும் சூடு எறங்காது. நடுவுல அவரு பேனா மாதிரி இருக்கறது ஒண்ணைப் பாத்துட்டு வந்தாரு. அப்பறம் அவரே வேண்டாம்னுட்டாரு, "அதுக்கு நல்ல சார்ஜர் தனியா வாங்கணும் தம்பி, விலையைப் பாதி மறைச்சுச் சொல்லுதான்." சூடுகாத்து ஊதறதும் சேர்ந்து ஒரே பெட்டியா வருதே, அதை நான் வேண்டாம்னேன். ஒரு பெட்டிக்கு ரெண்டு வேலைன்னா ரெண்டும் அரைகுறைதான்னு எழுதினேன். அதுக்கு அவரு, "தம்பி, இதை எங்க வீட்டுக் கிரைண்டர் மிக்ஸிக்கும் சொல்லலாம் போலயே"ன்னு எழுதினாரு. நான் சிரிச்சேன். இந்த நாற்காலியில உக்காந்து தனியாச் சிரிச்சேன்.

கடைசில ஒரு நாள் எழுதினாரு. "நீங்க சொன்னதுதான் சரி தம்பி. நானும் அதையே வாங்குதேன்."

ஒரே நாள்ல ரெண்டு பேரும் ஆர்டர் போட்டோம். எனக்கு இங்க வந்துச்சு, அவருக்கு அங்க போச்சு. என் வாழ்க்கையில நான் சொன்னதைக் கேட்டு இன்னொருத்தரு ஒரு பொருள் வாங்கினது அதுதாங்க மொதல்.

அதுக்கப்பறம் பேச்சு ஸ்டேஷனோட நிக்கலை. காலையில நான் வாசல் தெளிச்சுட்டு வர்றதுக்குள்ள அவரு மெசேஜ் இருக்கும். கப்பல் கதை, பையன் கனடாவுல இருக்கற கதை. அவரு சம்சாரம் தவறினதைச் சொன்னாரு. "அவ போனப்ப எனக்கு அழுகையே வரல தம்பி. ஊரெல்லாம் என்னைக் கல்லுன்னு சொல்லிச்சு. மூணு மாசம் கழிச்சு அவ மிக்ஸி ரிப்பேராச்சுன்னு பிரிச்சேன். உள்ள ஒரு மல்லி விதை கிடந்துச்சு. அன்னைக்குப் பூரா அழுதேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. பையன்கிட்ட கூட." யார்கிட்டயும் சொல்லாததை என்கிட்ட சொன்னாருங்க. எவ்வளவு பெரிய நம்பிக்கை பாருங்க.

சில நாள் வாய்ஸ் மெசேஜ் போடுங்க தம்பி, குரல் கேக்கணும்பாரு. தொண்டை கட்டியிருக்குதுன்னு எழுதுவேன். ஒரு தடவை அதுக்கு என்னென்ன கசாயம்னு எழுதி அனுப்பினாரு. மிளகு, சுக்கு, சித்தரத்தை. பாவம், நல்ல மனுசன்.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடிருச்சு. போன தையில எழுதினாரு, கோயமுத்தூருக்குக் கண் ஆபரேஷனுக்கு வாரேன், ரெண்டு கண்ணுலயும் பொரை, மொதல்ல ஒரு கண்ணு, அட்மிட் ஆகறதுக்கு முந்தி தம்பியைப் பாத்துட்டுத்தான் போவேன்னு. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. இவருகிட்ட சொன்னேன். "ஏனுங்க, அவரு வந்ததும் மொதல்ல விசயத்தைச் சொல்லிருங்க. குழந்தைவேலு நான்தான், ஆனா எழுதினதெல்லாம் என் சம்சாரம்னு நீங்களே சொன்னாத்தான் நல்லா இருக்கும்."

"செரி, சொல்லிக்கலாம்"னாரு.

இதை ஞாபகம் வச்சுக்கோங்க. செரின்னு சொன்னாரு.

அன்னைக்கு நான் வெங்காய பஜ்ஜிக்கு மாவு கரைச்சு வச்சிருக்கேன். ஆட்டோ சத்தம் கேட்டுது. நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள அந்த மனுசன் கேட்டுக்குள்ள வந்து இவரைக் கட்டிப் புடிச்சுட்டாரு. நல்ல ஒசரம், வெள்ளைச் சட்டை, கையில தூத்துக்குடி மக்ரூன் டப்பா. "வேலு தம்பி"ன்னு சொல்லிட்டு அப்படியே நிக்கறாரு. கண்ணுல தண்ணி.

இவரு "வாங்கண்ணே"ன்னாரு.

அவ்வளவுதான். வாங்கண்ணே. வேற ஒரு வார்த்தை வரலை.

உள்ள கூட்டிட்டு வந்து உக்கார வச்சாரு. நான் தண்ணி குடுத்தேன். இப்பச் சொல்லுவாரு, இப்பச் சொல்லுவாருன்னு நிக்கறேன். லூர்துராஜ் என்னைப் பாத்து, "தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் மூளைக்கு அவரு மில்லுல இருந்திருக்கவே கூடாது"ங்கறாரு. இவரு சிரிக்கறாருங்க. நான் பஜ்ஜி போட உள்ள போனேன். எண்ணெய் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. சொல்லியிருப்பாருன்னு நெனச்சுத் தட்டோட வந்தா, ரெண்டு பேரும் மில்லைப் பத்திப் பேசிட்டு இருக்காங்க. மெஷின் சத்தம் எப்படி இருக்கும், நைட் ஷிப்டுல எப்படித் தூக்கத்தை அடக்கறது. அவரு கப்பல்ல நைட் டூட்டி பாத்த கதையைச் சொல்றாரு, இவரு மில்லுல பாத்ததைச் சொல்றாரு. என்கிட்ட முப்பது வருஷமாச் சொல்லாத கதையெல்லாம்.

நடுவுல லூர்துராஜ் கேட்டாரு, "ஏன் தம்பி, ஊசி டிப்பு வேண்டாம், பட்டை டிப்புதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னீயளே, அது எப்படிக் கண்டுபுடிச்சீய?"

இவரு என்னைப் பாத்தாரு. எனக்கு வாய் சும்மா இருக்கலை. "ஊசி மாதிரி இருந்தா தொடற இடம் கம்மிங்க, சூடு போகாது. பட்டையா இருந்தா ஈயம் சீக்கிரமா உருகிப் புடிச்சுக்கும், போர்டுக்கும் நல்லது"ன்னுட்டேன்.

அவரு சந்தோசமாச் சிரிச்சாரு. "பாத்தீயளா, தம்பி பேசிப் பேசி தங்கச்சிக்கே வந்துருச்சு."

இதைக் கேட்டும் இவரு சொல்லலைங்க.

அப்பறந்தான் அது நடந்துச்சு. லூர்துராஜ் பையில இருந்து ஒரு சின்ன ரேடியோவை எடுத்தாரு. அவரு கப்பல் நாள்ல இருந்து வச்சிருக்கறது. உள்ள ஒரு ஒயர் விட்டுப்போச்சு. "கண்ணு தெரியல தம்பி, ஒயரு எங்க புள்ளி எங்கன்னு தெரிய மாட்டேங்குது. ஆஸ்பத்திரியில படுத்துக் கிடக்கும்போது கேக்கணும். உங்க கையால பத்த வச்சுக் குடுங்க"ன்னாரு.

இவரு எந்திரிச்சு இந்த மேஜைக்கு வந்தாரு. சுவிட்சைப் போட்டு அந்தக் கைப்பிடியை எடுத்தாரு. எடுத்து, ஸ்பூன் புடிக்கற மாதிரி புடிக்கறாரு கண்ணு. இன்னும் கொஞ்சம் முன்னால விரல் போனா சூடான இடம். என் கண்ணு முன்னாடி வெந்து போகும். நான் ஓடி வந்து, "இவருக்குக் கை நடுங்குதுங்க, சுகர், இப்பல்லாம் நான்தான் இவருக்குப் புடிச்சுக் குடுக்கறது"ன்னு சொல்லிட்டேன். என் வாய்தான் சொல்லுச்சு. வேற என்ன பண்ணுவேன்? விரல் வெந்து போகட்டும்னு விட்டுருவேனா?

நான் உக்காந்தேன். டிப்பைத் துடைச்சு, துளி ஈயம் பூசி, ஒயரைப் புடிச்சு வச்சேன். இவரு எனக்குப் பின்னாடி நின்னுட்டு, "ஆமா, அப்படித்தான். இன்னும் கொஞ்சம் ஈயம் குடு. போதும், எடு"ங்கறாரு.

எனக்கு. இவரு. சொல்லிக் குடுக்கறாரு.

ரேடியோ பாடுச்சு. லூர்துராஜ் கை தட்டினாரு. "நல்லாப் பழக்கி வச்சிருக்கீய தம்பி"ன்னாரு. இவரு என் தோள்ல ஒரு தட்டுத் தட்டினாரு. அந்தத் தோளை நான் அன்னைக்குப் பூரா தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேன்.

அவரு போனதும் கேட்டேன். சொல்றேன்னு சொன்னீங்களேன்னு கேட்டேன். இவரு தலையைக் குனிஞ்சுட்டு, "அவரு கட்டிப்புடிச்சாரு புள்ள. என்னை யாரும் அப்படிக் கட்டிப்புடிச்சதில்லை. வாய் வரலை"ன்னாரு. இதெல்லாம் ஒரு காரணங்களா? அப்பறம் சொல்றாரு, "ஒன்றரை வருஷமா நீ சொல்லலை. நான் ஒரு மத்தியானம் சொல்லலை." பேச்சை எப்படித் திருப்பறாரு பாருங்க. அன்னையில இருந்து நான் இவருகூடப் பேசறதில்லை. சோறு போடுவேன், தண்ணி வைப்பேன், அவ்வளவுதான். அந்தப் போனையும் தொடறதில்லை.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அதுக்கப்பறம் லூர்துராஜ் எழுதறதில்லை, போன்லயே கூப்பிடறாரு. கண்ணு புதுசு, எழுத்துப் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். இவரு எடுக்கறாரு. பொழுதோட ஆனா போனை எடுத்துட்டு வாசல்ல போய் நின்னுக்கறாரு. வாயத் தொறக்காத மனுசன், சிரிச்சுச் சிரிச்சுப் பேசறாருங்க. மில்லுக் கதை, நூல் நம்பரு, ஸ்பிண்டிலு, முட்டி வலி, என்னென்னமோ. எலக்ட்ரானிக்ஸ் ஒரு வார்த்தை வர்றதில்லை. நான் ஜன்னல்கிட்ட நின்னு கேட்டுட்டேன். என் ஆளு. நான் எழுதி எழுதிச் சம்பாரிச்ச ஆளு. இவரு ஒரு வாங்கண்ணேயில தட்டிட்டுப் போயிட்டாரு.

பொறுத்துப் பாத்தேன். அப்பறம் பொண்ணுகிட்ட சொல்லி எனக்குன்னு ஒரு போன் வாங்கினேன். என் பேருலயே அந்தக் குரூப்புல சேர்ந்தேன். "சுலோச்சனா, கோயமுத்தூர்." சேர்ந்த அன்னைக்கே வேணும்னே ஒரு கேள்வி போட்டேன், டிப்பு கறுத்துப் போனா எப்படி மீட்கறதுன்னு. எனக்குத் தெரியாதா? அவரு என்ன சொல்றாருன்னு பாக்கத்தான். கண்ணு தேறி இப்ப எழுதறாரில்ல, அத்தனை பேரு முன்னாடி எழுதினாரு: "தங்கச்சி, வீட்டுலயே வேலு தம்பியை வச்சுக்கிட்டு எங்ககிட்ட கேக்கலாமா?" கீழ பதினஞ்சு பேரு சிரிக்கற பொம்மை போட்டாங்க.

நேரா போன் போட்டுட்டேன். மொதல் தடவையா என் குரல்ல. "அண்ணே, நான் சுலோச்சனா பேசறேன். அந்த வேலு தம்பி நான்தான். ஸ்டேஷன் பத்திப் பேசினது, தொண்டை கட்டியிருக்குதுன்னு எழுதினது, எல்லாம் நான்தான்."

அவரு மெதுவாச் சொன்னாரு, "தெரியும்மா."

அவரே மேல சொன்னாரு, "நீங்க ரேடியோவைப் பத்த வச்சீயல்லா, அப்பவே சந்தேகம். ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளு தம்பியே கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. 'அண்ணே, உங்களை ஏமாத்திட்டேன், அதெல்லாம் என் சம்சாரம்'னு அழுதாரு."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்குத் தெரியாம இவரு சொல்லியிருக்காரு. எனக்குத் தெரியாம அவரு கேட்டுட்டு இருந்திருக்காரு. தெரிஞ்சுட்டே குரூப்புல அப்படி எழுதியிருக்காரு. கேட்டேன், ஏண்ணே அப்படி எழுதினீங்கன்னு.

"கோவம்மா"ன்னாரு. "தம்பி மறுநாளே சொல்லிட்டாரு. நீங்க இன்னைக்குத்தான் சொல்லுதீய. என் சம்சாரத்துக்காக அழுததை நான் யார்கிட்டம்மா சொன்னேன்? ஒரு ஆம்பளைகிட்ட சொல்லுதேன்னு நெனச்சுச் சொன்னேன். பொம்பளைன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். அதை எப்படித் திருப்பி வாங்குவேன் நான்?"

எனக்கு இது புரியவே இல்லைங்க. கேட்டது நான்தானே? படிச்சுட்டு அன்னைக்கு நானும்தான் அழுதேன். ஆம்பளை அழுதா என்ன, பொம்பளை அழுதா என்ன? அவருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் எனக்குத்தான். எனக்கு வீட்டுக்காரரும் போயிட்டாரு, அண்ணனும் போயிட்டாரு. அவங்களுக்கு ஒருத்தருக்கொருத்தரு கிடைச்சுட்டாங்க.

"அப்ப இவருகூட மட்டும் எப்படிப் பேசறீங்க?"ன்னு கேட்டேன்.

"அவரு பேச ஆளில்லாம இருக்காரும்மா"ன்னாரு. ஒரே வீட்டுல நான் இருக்கேன், ஆளில்லையாம்.

நேத்து இவரு தானா வந்து பேசினாரு. அடுத்த மாசம் இன்னொரு கண்ணுக்கு லூர்துராஜ் வர்றாராம், லாட்ஜ் எதுக்கு, நம்ம வீட்டுலயே தங்கட்டும்னு இவரு சொல்லிட்டாராம். "அவருக்கு உன் மேல இன்னும் வருத்தம் இருக்குது புள்ள. நான் தினமும் எடுத்துச் சொல்லிட்டு இருக்கேன். வந்தா நல்லபடியாப் பேசு"ங்கறாரு. கேட்டீங்களா? என் ஆளுகிட்ட, எனக்காக, இவரு சமாதானம் பேசறாராம். நான் மன்னிப்புக் கேக்கோணுமாம். யாருகிட்ட யாரு கேக்கறது?

அதனாலதான் கண்ணு, இதை அதுக்குள்ள வித்துப்போடறேன். எடுத்துக்கோங்க. பட்டை டிப்பு ரெண்டு சேர்த்தே தர்றேன். மூணு பின் இருக்கற, எர்த்து வர்ற பிளக்குலயே போடுங்க. முன்னூத்தி அம்பதுக்கு மேல ஏத்தாதீங்க, தேவைப்படாது. எனக்கு அந்தப் பேனா மாதிரி இருக்கறதை வாங்கிக்கறேன். அவரு வேண்டாம்னது. சார்ஜரோட சேர்த்தே வாங்கிக்கறேன், போனாப் போகுது.

அந்த மனுசன் வந்து உக்கார்றப்ப இந்த மேஜை காலியா இருக்கோணும். "தங்கச்சி, ஸ்டேஷன் எங்க?"ன்னு கேக்கட்டும். வேலு தம்பி வித்துட்டாருன்னு சொல்லிக்கறேன்.